ஒரே ஒரு வேண்டாம்

இருபத்திரண்டு வருஷமாகப் புருஷன் எதைக் கேட்டாலும் "வேண்டாம்" என்று சொன்ன வாய் அது. மீசை வைக்கட்டுமா? வேண்டாம். நாய் வளர்க்கலாமா? வேண்டாம். ஹாலுக்கு மஞ்சள் பெயின்ட்? வேண்டவே வேண்டாம். ஒருநாள் தும்மலுக்கு முன்னால் மூக்கைச் சுருக்கினார், அதற்கும் ஒரு வேண்டாம் வந்தது. அப்பேர்ப்பட்ட வாய், ரெக்கைக்காரருக்கு உயிர் போகிற அவசரத்தில் ஒரே ஒரு வேண்டாம் தேவைப்பட்ட வாரத்தில், சொல்ல மாட்டேன் என்று மூடிக்கொண்டது. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

மலையிலிருந்து ஓடிவந்து குதித்துப் பறக்கிறார்களே, பாராகிளைடர், அந்தத் துணி ரெக்கைகளைப் பழுது பார்ப்பவர்தான் ரெக்கைக்காரர். வீட்டின் முன்னறையே கடை. ஜன்னலோரம் தையல் மெஷின். ஒரு ரெக்கையை விரித்தால் முன்னறையில் ஆரம்பித்து, நடையைத் தாண்டி, சமையலறை அடுப்புக்கு இரண்டடி முன்னால்தான் முடியும். ரெக்கையின் நடுப்பகுதிக்கு வயிறு என்று பெயர். இரண்டு ஓரங்களுக்கும் காது. "வலது காது கிழிஞ்சிருக்கு", "இடது காதுல தையல் விட்டிருக்கு" என்று அந்த வீட்டில் பேச்சு நடக்கும்போது, புதிதாக வருகிறவர்கள் தங்கள் காதைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். துணியைத் தைப்பது அவர். ரெக்கையிலிருந்து தொங்கும் கயிறுகளை ஒவ்வொன்றாக, மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பது வீட்டம்மா. ஆக, அளப்பது அவள், அளந்து விடுவது அவர்.

கொஞ்சநஞ்சமாகவா அளந்தார்! ரெக்கை தைக்க வருகிறவனை உட்கார வைத்து, தான் ஒரு காலத்தில் மேகத்துக்கு மேலே பறந்ததையும், எதிரே வந்த கழுகு ஒதுங்கி வழி விட்டதையும் சொல்வார். உண்மை என்னவென்றால், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பயிற்சி எடுத்தார். உரிமமும் வாங்கினார். ஒரு சின்ன மேட்டிலிருந்து பதினோரு தடவை பறந்தார், அதிகபட்ச உயரம் மூன்று மாடி. பன்னிரண்டாவது தடவை நிஜமான மலைக்குக் கூட்டிப் போனார்கள். விளிம்பில் நின்று கீழே பார்த்தார். "முதுகுப் பிடிப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தே இறங்கி வந்துவிட்டார். அந்தப் பிடிப்பு பதினைந்து வருஷமாக விடவில்லை.

போட்டி நடத்துகிறவர் ஒருநாள் கடைக்கு வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசில்காரர்.

"அண்ணே, இந்தத் தடவை உள்ளூர்க்காரர் ஒருத்தராவது பறக்கணும். உங்க பேரை எழுதிட்டேன். முப்பத்தேழாம் நம்பர்."

ரெக்கைக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் நாக்கு இருக்கிறதே, அது அவர் வயிற்றைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

"எனக்கென்ன, நான் ரெடி. ஆனா வீட்டுல விட மாட்டா. அதான் யோசனை."

"அதுக்குத்தான் படிவத்துலயே இடம் விட்டிருக்கோம். குடும்பத்தார் சம்மதம். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் பறக்க விடுவோம்."

ரெக்கைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீசைக்கே சம்மதம் தராதவள், மலையிலிருந்து குதிக்கவா சம்மதம் தரப்போகிறாள்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"இந்தா, இதுல ஒரு கையெழுத்து வேணும். நீ போட மாட்டே, எனக்குத் தெரியும். நானும் வற்புறுத்தப் போறதில்ல."

"என்னது?"

"ரெக்கைப் போட்டி. நாப்பது கிலோமீட்டர். மலையிலேருந்து குதிச்சு, சர்க்கரை ஆலை புகைபோக்கியைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும். இஞ்சின் கிடையாது. பிரேக்குன்னு பேருக்கு ரெண்டு கைப்பிடி. நடுவுல காத்து நின்னா அதோகதிதான்."

"பேனா எங்க?"

"எதுக்கு?"

"கையெழுத்துக் கேட்டீங்களே!"

"அவசரப்படாதே. நல்லா யோசி. போன வருஷம் ஒருத்தர் மின்கம்பியில போய்த் தொங்கினாரு."

"தொங்கினவரு சாயங்காலமே நம்ம கடைக்கு ரெக்கையைத் தூக்கிட்டு வந்தாரே. நீங்கதானே தைச்சுக் கொடுத்தீங்க?"

பேனாவைத் திறந்தவள், காகிதத்துக்கு மேலே அப்படியே நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பயமா இருக்கா? இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் காகிதத்தை அடுப்புல போட்டுட்டு, 'என் புருஷனை விட மாட்டேன்'னு நானே போய் விசில்காரர்கிட்ட சொல்லிடறேன்."

சொர்க்கவாசல் திறந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு தலையாட்டல். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. பல்லியைக் கண்டால் "நீயே விரட்டு, உனக்கும் பழக்கம் ஆகட்டும்" என்பார். பல் டாக்டரிடம் போகிற வழியில் வண்டி தானாக வீட்டுக்குத் திரும்பிவிடும், கேட்டால் "ரோட்டுல கூட்டம்" என்பார். வீட்டம்மாவும் இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள்.

"பயமா? எனக்கா? ஹ!"

கையெழுத்து அழகாக விழுந்தது. கீழே தேதியும் போட்டாள்.

அன்றிலிருந்து அவர் படாத பாடு பட்டார். மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு, "சில சமயம் மேகம் ஆளை அப்படியே உள்ளே உறிஞ்சிடும். ஐஸ் கட்டியாத்தான் திரும்பி வருவோம்" என்றார்.

"அப்போ ஸ்வெட்டர் எடுத்து வைக்கறேன்."

"பாராசூட் விரியாமப் போறதும் உண்டு."

"நான் மடிச்சு வைக்கறது விரியாமப் போகுமா? சாப்பிடுங்க."

மாடி வீட்டு டாக்டரிடம் ஓடினார். உடம்பு சரியில்லை என்று ஒரு சான்றிதழ் கிடைத்தால் போதும், கௌரவமாகத் தப்பிக்கலாம். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"நூத்திப் பத்து அடிக்குதே. சார், இது நோய் இல்ல, பயம். அப்படின்னு எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு இறங்கி வந்தார். அந்த வாரத்தில் அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் வேண்டாம், பாவம், அவர் வாயிலிருந்தே வந்தது.

போட்டி நாள் காலை. வீட்டம்மா ரொட்டியும் முட்டையும் வைத்தாள். அவர் மெல்லாமல் இரண்டிரண்டு துண்டாகத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பறக்காதீங்க!" என்றாள் அவள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொல்லிட்டே! சொல்லிட்டே பாரு! உன் பேச்சை மீறி நான் என்னிக்காவது ஒண்ணு செஞ்சிருக்கேனா? பறக்கல! என் போன் எங்கே, விசில்காரருக்கு இப்பவே..."

"ரொட்டியைச் சொன்னேங்க. இப்படிப் பறந்து பறந்து தின்னா விக்கிக்கப் போகுது. உக்காந்து மென்னு தின்னுங்க."

விக்கிக்கொண்டது. முதுகில் நாலு அடி வைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டியில் ஏற்றி மலைக்கு அழைத்துப் போனாள்.

மலை உச்சியில் புல்வெளி முழுக்க ரெக்கைகள் விரிந்து கிடந்தன. பாதிக்கு மேல் அவர் கையால் தைத்தவை. தைக்கும்போது இவ்வளவு மெல்லிசாகவா இருந்தது இந்தத் துணி? விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். கீழே சாலையில் போன லாரி தீப்பெட்டி மாதிரி இருந்தது. உடனே ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருந்தது. போய் வந்தார். மறுபடியும் போக வேண்டும் போலிருந்தது.

விசில்காரர் தோளில் தட்டினார்.

"கவலையே படாதீங்கண்ணே. வெயில் ஏறிடுச்சு. முனையைத் தாண்டினதுமே உங்களுக்குத் தூக்கு நிச்சயம்!"

ரெக்கைக்காரரின் கழுத்து தானாக உள்ளே போயிற்று. மேலே கிளம்புகிற சூடான காற்றுக்குத்தான் பறக்கிறவர்கள் தூக்கு என்று சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன, காதில் விழுந்தது அந்த வார்த்தைதானே?

அவரிடம் ஒரே ஒரு திட்டம் மிச்சமிருந்தது. எங்கும் ஏறாமல், எந்தத் தூக்கிலும் மாட்டாமல், நேராக அடிவாரத்து மைதானத்துக்குச் சறுக்கிவிடுவது. எட்டு நிமிஷ வேலை. இறங்கியதும் "காத்து சரியில்ல" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும், மானம் பிழைத்துவிடும். வீட்டம்மாவும் அதை ஊகித்து, அந்த எட்டு நிமிஷத்தை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். அதுவரை கூடப் போகாது, விளிம்பிலாவது மனுஷன் வாயைத் திறந்துவிடுவார் என்று நினைத்திருந்தாள். கால் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நெஞ்சில் ஒரு வாக்கி டாக்கியை மாட்டி, பேசுவதற்கான பட்டனை வலது கைப்பிடியில் கட்டிவிட்டாள்.

"ஏழாம் சேனல். நானும் நீங்களும் மட்டும்தான். கடைசியாக் கேக்கறேங்க. பயமா இருக்கா?"

அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. அவளுக்கே பயம் என்பது கண்ணில் தெரிந்தது. உள்ளூர்க்காரருக்கே முதல் வாய்ப்பு என்று விட்டதால், பின்னால் முப்பத்தாறு பேர் வரிசையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எ... எனக்கா?" என்றார்.

விசில் ஒலித்தது. ஓடினார். நின்றுவிடலாம் என்று மூளை உத்தரவு போட்டபோது கால் ஏற்கெனவே காற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அடிவாரத்து மைதானம் நேர் எதிரே, பச்சைப் பசேலென்று கைநீட்டிக் கூப்பிட்டது. அவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு என்று அவர் மூச்சை விட்ட அதே விநாடி, யாரோ பிடரியைப் பிடித்து மேலே இழுத்தாற்போல் ஒரு குலுக்கல். மைதானம் சின்னதாயிற்று. இன்னும் சின்னதாயிற்று. கிளம்பிய மலை உச்சியே கீழே போய்விட்டது. ரெக்கை படபடவென்று அடித்தது, கயிறுகள் கிறீச்சிட்டன. இறங்கு, இறங்கு என்று கத்திக்கொண்டே இரண்டு கைப்பிடியையும் பலமாக இழுத்தார். பிரேக்தானே, இழுத்தால் நின்றுதானே ஆக வேண்டும்?

ஆகாயத்தில் நிற்க முடியாது. நின்றால் விழ வேண்டும். மலையிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மாவுக்கு அது தெரியும். வருஷக்கணக்காகப் பறக்கிறவர்கள் கடையில் உட்கார்ந்து பேசிய அத்தனையையும், கயிறு அளந்துகொண்டே காதில் வாங்கியவள் அவள். மனுஷன் கைப்பிடியை இடுப்பு வரை இழுத்து வைத்திருந்தார். இன்னும் ஒரு சாண் இழுத்தால் ரெக்கை சுருண்டு துணி மூட்டையாகக் கீழே வரும்.

"என்னங்க, கைப்பிடியை விடுங்க!"

"விட்டா விழுந்துடுவேன்!"

"விடலேன்னாத்தாங்க விழுவீங்க! பிடிக்காம விட்டாலே ரெக்கை தானாப் பறக்கும். விடுங்க!"

"முடியல! கை வரமாட்டேங்குது!"

"பயமா இருக்கா?"

இந்த நிலைமையிலும் அந்த நாக்கைப் பாருங்கள். "கு... குளிருது!" என்றார்.

வாக்கி டாக்கியில் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"காதைப் பிடிங்க! ரெண்டு காதையும் கெட்டியாப் பிடிங்க!"

ரெக்கையின் காது என்பது அதன் ஓரம். அதற்கென்று தனிக் கயிறு உண்டு, இழுத்தால் ஓரம் மடங்கும், ரெக்கை இறங்கும். அறுநூறு காதாவது தைத்திருப்பார் மனுஷன். ஆனால் அந்த நேரத்தில், அந்தக் குரலுக்கு, அவருக்குத் தெரிந்த காது ஒன்றே ஒன்றுதான். கைப்பிடிகளை உதறிவிட்டு, ஹெல்மெட்டுக்குள் விரலை நுழைத்து, தன் இரண்டு காதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ரெக்கை ஒரு குதி குதித்தது. ஆடியது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் நிமிர்ந்து பறந்தது.

"அப்படியே இருங்க. விடாதீங்க. இப்போ வலது பக்கம் சாயுங்க."

பதில் சொல்ல வேண்டுமென்றால் கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். பட்டனை அழுத்தக் கை இல்லை. ஆகவே முதல் தடவையாக, அவள் சொன்னதை எதிர்ப்பேச்சு இல்லாமல் கேட்டுச் சாய்ந்தார். வலது என்றால் வலது. இடது என்றால் இடது. அவள் குரல் நடுங்குவது அவருக்குக் கேட்டது. அவர் பல் அடித்துக்கொள்வது நல்லவேளையாக அவளுக்குக் கேட்கவில்லை. தூக்கு விட்டது. வயல்கள் மெதுவாகப் பெரிதாகி வந்தன.

"இப்போ காதை விட்டுட்டுக் கைப்பிடியைப் பிடிங்க. நான் சொல்றப்போ முழுசா இழுக்கணும். இருங்க... இருங்க... இழுங்க!"

உழுது போட்டிருந்த மண்ணில் முழங்கால் குத்தி விழுந்தார். புறப்பட்ட இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மண்ணை விட்டுப் பிரிய மனசு வரவில்லை.

வீட்டம்மா வண்டியை நிறுத்திவிட்டு வயலில் ஓடி வந்தாள். கை, கால், தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அப்புறம் அழுதாள். அப்புறம் திட்டினாள். அழுகையும் திட்டும் கலந்து வந்ததில் அவருக்குப் பாதி புரியவில்லை.

"நீ ரெக்கைக் காதைச் சொன்னே," என்றார் மெதுவாக. "நான்தான் அவசரத்துல..."

"நான் உங்க காதைத்தான் சொன்னேன். கைப்பிடியை விடுங்கன்னா விட்டீங்களா? வேற எதையாவது பிடிக்கச் சொன்னாத்தானே அதை விடுவீங்க?"

அவர் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இப்பவாவது சொல்லுங்க. மேலே பயமா இருந்துச்சா?"

"பயமா? எனக்கா? காத்துதான் சரியில்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா இந்தக் காது விஷயத்தை யார்கிட்டயும் கேவலமா சொல்லிடாதே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேச்சே, கேவலமாச் சொல்வேனா? பெருமையாத்தான் சொல்வேன்," என்றாள்.

அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அடிவாரத்துப் பந்தலில் எல்லோரும் கூடினார்கள். நாற்பது கிலோமீட்டரும் பறந்து ஏரிக்கரையைத் தொட்டவருக்குக் கைதட்டல். அடுத்து விசில்காரர் மைக்கில் ரெக்கைக்காரரைக் கூப்பிட்டார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

"அண்ணே, நாங்க எல்லாரும் பைனாகுலர்ல பார்த்தோம்! ரெண்டு கையையும் விட்டுட்டு, காதைப் பிடிச்சுக்கிட்டு, உடம்பைச் சாய்ச்சே ஓட்டினீங்களே! யாருக்கு வரும் அந்தத் தைரியம்? அது நீங்களே கண்டுபிடிச்ச முறைன்னு அண்ணி சொன்னாங்க."

ரெக்கைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். அவருக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்றிருந்தது. அட, பரவாயில்லையே!

"அது... சின்ன வித்தைதான். பழகினா வரும்," என்றார் தோளைக் குலுக்கிக்கொண்டு.

"அப்படியா! அப்போ நாளைக்கு ரெண்டாம் நாள் போட்டிக்கு முன்னால, காலைல பத்து மணிக்கு, எங்க எல்லாருக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. இந்தத் தடவை இன்னும் உயரத்துல. அண்ணி சம்மதம் சொல்லிட்டாங்க, கையெழுத்தும் போட்டுட்டாங்க!"

ஜிலுஜிலுப்பு அப்படியே உறைந்தது. கைதட்டல் நிற்கவில்லை. வீட்டம்மாவிடம் பாய்ந்து போய்க் காதோரம் குனிந்தார்.

"ஏம்மா, வேண்டாம்னு சொல்லேன்."

"ஏன்?"

"முதுகுப் பிடிப்பு."

"தைலம் தேச்சு விடறேன்."

"ரெக்கை கிழிஞ்சிருக்கு."

"வர்ற வழியிலயே பார்த்துட்டேன். ஒரு கீறல் இல்ல."

"நாளைக்குக் காத்து சரியா..."

"ரொம்ப நல்லா இருக்குமாம். காலைலயே தூக்கு இருக்குமாம்."

மறுபடியும் அந்த விளிம்பு, அந்தக் குலுக்கல், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத அந்த வெளி. நாளைக்குப் போனால் திரும்ப மாட்டோம் என்று ரெக்கைக்காரருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது, கிசுகிசுப்பாக, ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு."

அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கும்தாங்க. காலைலேருந்து என் உயிர் என்கிட்ட இல்ல. நாளைக்கு நீங்க பறக்க வேண்டாம்."

வந்துவிட்டது! அந்த ஒரே ஒரு வேண்டாம், கடைசியில் வந்தேவிட்டது! மனுஷனுக்குப் பந்தலுக்கு நடுவிலேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. நெஞ்சு லேசாயிற்று. நெஞ்சு லேசானதும் பழைய மிடுக்கும் மெல்ல எட்டிப் பார்த்தது.

"அப்போ ஒண்ணு பண்ணு. நீயே போய் விசில்காரர்கிட்ட சொல்லிடு. அவரு பறக்கத் துடிக்கறாரு, நான்தான் விடலைன்னு."

"அதெல்லாம் இனிமே நான் சொல்ல முடியாது, கையெழுத்தே போட்டாச்சு. உங்களுக்குப் பயம்கிறதைத்தான் சொல்ல முடியும்," என்றாள் வீட்டம்மா. "ஆனா இத்தனை வருஷம் நீங்க அளந்ததுக்கு, நான் சொன்னா யாரு நம்புவாங்க? இந்தாங்க மைக்."